கூடை முயலோடு வரவில்லை

அத்தியாயம் 6

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துப்போகும். அவளுக்குத் திறந்துகொள்ளும். வாயாடி என்ற பெயர் வந்ததே அதனால்தான். அவள் சிரிக்கச் சிரிக்கப் பேசும்போது தைரியசாலி என்று ஊர் நினைத்துக்கொள்ளும். உள்ளே பயந்து கிடப்பது அண்ணி ஒருத்திக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு அந்த அனிமேஷன் கம்பெனியின் படியேறும்போது வாயாடி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஓடிப்போனவங்களைக் கண்டுபிடிக்கறது ரொம்ப சுலபம் அண்ணி. வீட்ல செருப்பை எண்ணினா போதும். புதுச் செருப்பு போயிருந்தா காதல். பழைய செருப்பு போயிருந்தா கோபம்."

"ஆபீஸ் செருப்பு மட்டும் போயிருந்தா?" என்றாள் அண்ணி.

வாயாடி மீதிப் படிகளை இரண்டிரண்டாக ஏறினாள்.

அண்ணிதான் துப்பறிவாளர். வாயாடியின் அண்ணனைக் கட்டிக்கொண்டதால் வந்த உறவு. அண்ணன் ஐந்து வருஷத்துக்கு முன்னால் விவாகரத்து வாங்கிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட்டான். நடுவில் இருந்தவன் போன பிறகும் இந்த இரண்டு பேரும் பிரியவில்லை. ஒரே வீடு, இரண்டு அறை, முன்னறையில் துப்பறியும் ஆபீஸ். 'அண்ணன் இல்லாம எப்படி அண்ணி?' என்று கேட்பவர்களுக்கு, 'அவன் சும்மா அறிமுகப்படுத்தி வைக்கத்தான் வந்தான்' என்று பதில் சொல்வாள் வாயாடி.

காலையில் அந்த முன்னறைக்கு வந்தவள் ஒரு மாமியார். அறுபது வயது, ஒடிசலான உடம்பு, உட்காரச் சொன்னால் உட்காராத ரகம்.

"என் மருமக செவ்வாய்க்கிழமை ஆபீஸ் போனவ திரும்பலை. புதன்கிழமை என் பையனுக்கு மெசேஜ் வந்துச்சு. 'கொஞ்ச நாள் தனியா இருக்கணும், தேடாதே'ன்னு. அவனும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டான். போலீஸ்ல கேட்டா, 'தினமும் ஆபீசுக்கு வேலை செஞ்சு அனுப்பறாங்க, என்ன கேஸ் போடறது'ங்கறாங்க. ஓடிப்போயிட்டாங்கறாங்க எல்லாரும்."

"நீங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"அவ என்கிட்ட சண்டை போடாம பக்கத்துக் கடைக்குக்கூடப் போனதில்லம்மா. செவ்வாய்க்கிழமை காலைல ஒரு சண்டை பாதில நிக்குது. அதை முடிக்காம அவ எங்கேயும் போக மாட்டா."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அண்ணி கேஸை எடுத்துக்கொண்டாள். மாமியாரும் கூடவே கிளம்பி வந்துவிட்டாள். இப்போது கம்பெனியின் நடைவழியில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற ஒவ்வொருவர் கையையும் எட்டிப் பிடித்துக் கேட்டாள். "என் மருமகளைப் பார்த்தியாப்பா? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ." உடும்புப் பிடி. ஒவ்வொருவரையும் அண்ணி வந்து விடுவித்து அனுப்ப வேண்டியிருந்தது.

முதலாளிக்குப் பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய அவசரம். "அந்தப் பொண்ணு எங்க இருந்தா எனக்கென்னங்க? வேலை வந்துகிட்டிருக்கு. இன்னும் ஒரே ஒரு ஷாட். அஞ்சு மணிக்கு அது வந்துட்டா சீரியல் முடிஞ்சுது. அப்புறம் அவங்க எங்க வேணாலும் இருக்கட்டும்."

அப்புறம் எங்க வேணாலும் இருக்கட்டும். வாயாடி கணக்குப் போட்டாள். ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்பதற்கு இந்தக் கட்டடத்தில் இருக்கும் ஒரே சாட்சி அவளுடைய வேலை. அந்த வேலை ஐந்து மணிக்கு முடிகிறது.

சுற்றிக்காட்ட வந்தவர் ஒயரண்ணன். கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பவர். எந்நேரமும் கழுத்தில் நாலு ஒயர் மாலை மாதிரி தொங்கும், அதோடு ஒரு கயிற்றில் கதவு திறக்கும் கார்டும் தொங்கும். அந்தப் பெயரும் அப்படி வந்ததுதான். சாந்தமான முகம். வந்தவர்களுக்குக் காகிதக் கப்பில் டீ கொடுத்ததும் அவர்தான்.

நடைவழியின் கடைசியில் இருந்த இரும்புக் கதவுக்குப் பின்னால் விடாமல் ஒரு இரைச்சல் கேட்டது.

"இதுதான் சர்வர் ரூம். எல்லாப் படமும் உள்ளதான் இருக்கு. என் பிள்ளை மாதிரி பார்த்துக்கறேன்" என்றார் சிரித்தபடி. கதவின் பக்கத்துச் சுவரில் பிளாஸ்டிக் மூடிக்குள் ஒரு சிவப்புப் பொத்தான். "தீப்பிடிச்சா இதை அமுக்கணும். உள்ள வாயு நிரம்பி நெருப்பு அணைஞ்சுடும். ஆள் இருந்தா ஆளும் அணைஞ்சுடுவாங்க. அதான் யாரையும் உள்ள விடறதில்ல."

"தெரியாம கை பட்டா?" என்றாள் வாயாடி, ஒரு அடி தள்ளி நின்று.

"படாது. இந்த மூடியை ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இன்னொரு கையால அமுக்கணும். ரெண்டு கையும் வேணும்."

"அப்ப கையில டீ இருக்கற வரைக்கும் நாங்க பத்திரம்."

ஒயரண்ணன் மனம்விட்டுச் சிரித்தார். நல்ல மனுஷன் என்று தோன்றியது அவளுக்கு.

மருமகளின் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "சோடாபுட்டின்னே கூப்பிடுங்க, எல்லாரும் அப்படித்தான்" என்று கையை நீட்டினாள். மருமகளோடு ஆறு வருஷமாக ஒரே மேஜையில் வேலை செய்பவள்.

அண்ணி காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுப் பக்கம் இரண்டு மூலையிலும் துணி தேய்ந்து வெளுத்திருந்தது.

"இங்க என்ன தொங்கிட்டிருந்துச்சு?"

"ஸ்வெட்டர். ஏசி அவளுக்கு ஒத்துக்காது, கை விறைச்சுப் போயிடும். ஆபீசுக்குன்னே ஒண்ணு வெச்சிருந்தா, வீட்டுக்கு எடுத்துட்டே போக மாட்டா." சோடாபுட்டி நிறுத்தி யோசித்தாள். "புதன்கிழமை காலைல இருந்துச்சு. அவ ஏன் வரலைன்னு அதைப் பார்த்துதான் நினைச்சேன். மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தா காணோம்."

"ஓடிப்போனவ ஸ்வெட்டருக்காகத் திரும்பி வந்தாளா?" என்றாள் வாயாடி. "குளிர்ப் பிரதேசத்துக்கா ஓடினா?"

அண்ணி சிரிக்கவில்லை. எதையோ மனசுக்குள் மடித்து வைத்துக்கொள்ளும்போது அவள் கீழுதடு உள்ளே போகும். இப்போது போயிருந்தது.

"அவங்க அனுப்பின வேலை ஒண்ணைக் காட்டு. இதை வேற யாராவது செஞ்சு அவங்க பேர்ல அனுப்ப முடியுமா?"

"வாய்ப்பே இல்ல. அவ கை எனக்குத் தெரியும்." சோடாபுட்டி காலையில் வந்த ஷாட்டைத் திறந்து ஓட்டினாள்.

பன்னிரண்டு விநாடி. கரடியின் வீடு. மூலையில் பெரிய அலமாரி. அதன் பக்கத்தில் கூடையோடு ஒரு முயல். கரடி தொந்தியைத் தள்ளிக்கொண்டு அசைந்து வந்து, அலமாரியைத் திறந்து, ஒரு ஜாடியை எடுத்து முயலிடம் நீட்டியது. முயல் அதைக் கூடையில் போட்டுக்கொண்டு காதை ஆட்டியது. அவ்வளவுதான். அழகாக இருந்தது. ஒரு பெண்ணின் உயிர் சம்பந்தப்பட்ட எதுவும் அதில் இருப்பதாகத் தெரியவில்லை.

"பாருங்க, கூடையோட கனம் தோள்ல தெரியுது. இது அவதான்."

"கூடை எப்படி கையிலேயே நிக்குது?" என்றாள் அண்ணி.

சோடாபுட்டிக்குத் தொழிலைப் பற்றிக் கேட்டால் பிடிக்கும். "அதானே எங்க பிழைப்பே. கம்ப்யூட்டருக்குள்ள கை எதையும் பிடிக்காதுங்க. நாமதான் கட்டி விடணும். பேரன்ட் பண்றதுன்னு சொல்வோம். இந்த ஃப்ரேம்ல இருந்து கூடை இந்தக் கைக்குச் சொந்தம்னு சொல்லிட்டா, கை போற இடத்துக்கெல்லாம் கூடை பின்னாலேயே போகும். கீழ வைக்கற ஃப்ரேம்ல அவிழ்த்து விடணும். புதுசா வர்றவங்க அவிழ்க்க மறந்துடுவாங்க. டீ குடிச்சுட்டு மேஜையில வெச்ச டம்ளர், ஆள் எழுந்து போனா கூடவே மாடிப்படி ஏறிப் போகும்."

"எங்க அண்ணன் மாதிரி ஆளுங்களுக்கு அவிழ்க்கறது மட்டும் மறக்காது" என்றாள் வாயாடி.

"இப்ப பாருங்க." சோடாபுட்டி முயலை மவுஸால் பிடித்து ஓரமாக இழுத்தாள். "முயலை நகர்த்தினா கூடையும்..."

கூடை வரவில்லை.

முயல் நாலடி தள்ளி வெறுங்கையோடு நின்றது. கூடை பழைய இடத்திலேயே அந்தரத்தில் தொங்கியது.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டாள். திரையின் ஓரத்தில் அசைவுகளைக் குறித்திருந்த நீளப் பட்டியலில் எதையோ தேடினாள். "கட்டவே இல்ல. ஃப்ரேம் ஃப்ரேமா கையால நகர்த்தி வெச்சிருக்கா. ஒரு விநாடிக்கு இருபத்து நாலு. இருநூத்து எண்பத்தெட்டு தடவை." குரல் இறங்கிவிட்டது. "ஒரே ஒரு கட்டுல முடியற வேலை. பைத்தியக்காரிகூட இப்படிச் செய்ய மாட்டா. காலைல நான் ஓட்டிப் பார்த்தேன். நல்லா இருந்துச்சு. சரின்னு சொல்லிட்டேன்."

"ஓட்டிப் பார்த்தா தெரியாது. தொட்டுப் பார்த்தாதான் தெரியும்" என்றாள் அண்ணி மெதுவாக. "அவங்க கூடவே யாரோ உட்கார்ந்து படத்தை ஓட்டிப் பார்க்கறாங்க. ஆனா அந்த ஆளுக்கு இந்தப் பட்டியல் படிக்கத் தெரியாது. கூடையை அவிழ்த்து விட்டது உன்னைக் கூப்பிடறதுக்கு. கட்டாததைப் பார்த்தாச்சு. எதைக் கட்டியிருக்காங்க? ஒவ்வொண்ணா இழு."

மணி நாலு அடித்து ஐந்து நிமிஷம்.

ஜாடியை இழுத்தாள். ஜாடி மட்டும் வந்தது. நாற்காலி, விளக்கு, ஜன்னல், எல்லாம் தனித்தனியாக வந்தன. பிறகு அலமாரியைப் பிடித்து இழுத்தாள்.

முயல் கூடவே வந்தது.

கால் அசையாமல், தலை திரும்பாமல், காதைக்கூட ஆட்டாமல், நின்ற நிலையில் அலமாரியோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அலமாரி வலப்பக்கம் போனால் வலப்பக்கம், இடப்பக்கம் போனால் இடப்பக்கம். சோடாபுட்டியின் கை மவுஸிலிருந்து தானாக விலகியது.

வாயாடி நாற்காலி நுனிக்கு வந்திருந்தாள். பேய்க்கதைகளைப் பார்த்துச் சிரிக்கிறவள் அவள். ஆனால் அந்தப் பொம்மை, காலை மடக்காமல், கேள்வி கேட்காமல், ஒரு மரப்பெட்டியோடு போன விதத்தில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. பொருள் ஆளோடு போவதைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. இங்கே ஆள் பொருளோடு போனாள்.

"முயல் யாரு?" என்றாள் அண்ணி.

"அவதான்." சோடாபுட்டி திரையில் விரலை வைத்தாள். "நாங்க ஒவ்வொரு பொம்மைக்கும் யாரையாவது பார்த்துதான் உயிர் கொடுப்போம். முயலை அவளே கண்ணாடி முன்னால நடிச்சுப் பார்த்துப் பண்ணினா."

"கரடியை இழு."

கரடியை இழுத்தபோது அலமாரி வந்தது. அலமாரியோடு முயலும் வந்தது. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையின் சுவரைத் துளைத்துக்கொண்டு போயின. கரடி நடந்து வந்து நின்ற ஃப்ரேமிலிருந்துதான் கட்டு, அதனால் ஓட்டும்போது தெரியவில்லை.

முயலை அலமாரி வைத்திருக்கிறது. அலமாரியைக் கரடி வைத்திருக்கிறது. யாரோ பூட்டி வைத்திருக்கும் இடத்திலிருந்து, காவல் இருப்பவன் கண் முன்னாலேயே, ஒரு பெண் விலாசம் எழுதி அனுப்பியிருக்கிறாள்.

"கரடி முதலாளி!" வாயாடி கிசுகிசுத்தாள். "அந்தத் தொப்பையைப் பார்த்தாலே தெரியலை? 'அப்புறம் எங்க வேணாலும் இருக்கட்டும்'னு வாயாலயே சொன்னாரே. அண்ணி, அவர் வீட்ல, குடோன்ல, எங்கயோ அலமாரி..."

"எல்லாரும் அப்படித்தான் கிண்டல் பண்ணுவோம்" என்று தலையாட்டினாள் சோடாபுட்டி.

அண்ணி கரடியை மறுபடி நடக்கவிட்டுப் பார்த்தாள். இரண்டு முறை. "தொப்பையை வரையறவங்க வரைஞ்சது. இவங்க கொடுத்தது நடை. உங்க முதலாளி நடக்கலை, ஓடறார். இது மெதுவா, ஒரு பக்கமா சாய்ஞ்சு, எதையோ வயித்தோட அணைச்சுக்கிட்டு நடக்கற நடை. கரடிக்கு யாரு நடந்து காட்டினாங்க?"

"அது நான் சேர்றதுக்கு முன்னாடி முதல் பாகத்துல... நடிப்பு வீடியோ எல்லாம் ஒரு ஃபோல்டர்ல இருக்கு."

தேடி எடுக்க இருபது நிமிஷம் ஆனது. அந்த நிமிஷங்களில் வாயாடி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமலிருக்க முயன்று, வேறு எதையும் பார்க்கவில்லை. நாலு முப்பத்திரண்டு. ஒரு பெண்ணின் விரல்கள் எங்கோ இப்போது கடைசி ஷாட்டைச் செய்துகொண்டிருக்கும். முடித்துவிடக் கூடாது என்று அந்த விரல்கள் நினைக்குமா? மெதுவாகச் செய்தால் அடிப்பானா?

வீடியோ ஓடியது. இதே நடைவழி. கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் சிரித்தது. "இன்னும் கொஞ்சம் கனமா நடங்க. தேன்ஜாடி திருடின கரடி மாதிரி!" முதல்முறையாக மருமகளின் குரலைக் கேட்டாள் வாயாடி. ஒரு பெரிய இரும்புப் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அசைந்து அசைந்து ஒருவர் கேமராவை நோக்கி வந்தார். கழுத்தில் நாலு ஒயர் மாலையாகத் தொங்கியது.

"அட! என் நடையா இது?"

குரல் வீடியோவிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது.

ஒயரண்ணன் ஒரு தட்டில் மூன்று கப் டீயோடு நின்றுகொண்டிருந்தார்.

வாயாடி திரும்பினாள். அந்தக் கணத்தில் அவள் மனசுக்குள் பார்த்தது அவர் முகத்தை அல்ல. ஒரு இரும்புக் கதவை. உள்ளே வரிசையாகக் கம்ப்யூட்டர்கள் அடுக்கிய ஆளுயர இரும்பு அலமாரிகள். வெளியே எந்தக் கூச்சலும் கேட்காதபடி விடாத இரைச்சல். எலும்பைக் குத்தும் குளிர். விரல் விறைத்தால் வேலை ஓடாது என்று யாரோ நாற்காலியிலிருந்து எடுத்துப்போன ஸ்வெட்டர். ஊரெல்லாம் ஓடிப்போனாள் என்று பேசுகிறவளை, நாலு நாளாக, இருபதடி தூரத்தில், எல்லோரும் டீ குடித்துக்கொண்டே கடந்து போயிருக்கிறார்கள்.

அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் முகத்தில் ஒன்றுமில்லை. ஆனால் மேஜைக்கடியில் அவள் கை வாயாடியின் முழங்காலை ஒரு தடவை அழுத்தியது.

அதற்கு அர்த்தம், பேசு.

ஒயரண்ணன் திரையைக் குனிந்து பார்த்தார். "இந்த முயல் ஏன் செவுத்துக்குள்ள நிக்குது?"

"அதுக்கும் வீட்ல மாமியாராம்" என்றது வாயாடியின் வாய். "செவுத்துல முட்டிக்கப் போயிருக்கு."

ஒரு விநாடி. இரண்டு. ஒயரண்ணன் சிரித்தார். வாயாடியும் சிரித்தாள். தன் சிரிப்பு யாருடையதோ மாதிரி அவளுக்கே கேட்டது. சோடாபுட்டி மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"சரி, டீயை எடுத்துக்கோங்க. மணி நாலே முக்கால் ஆகப் போகுது. கடைசி ஷாட் வந்துடுச்சான்னு போய்ப் பார்க்கறேன்."

போகப் போகிறார். கதவைத் திறக்கும் கார்டு அவர் நெஞ்சில் ஆடியது. கூச்சல் போடலாம். ஆபீஸ் முழுக்க ஆட்கள். ஆனால் கூச்சல் கேட்டதும் அவர் ஓடி அந்தக் கதவைச் சாத்திக்கொண்டால்? அந்தச் சிவப்புப் பொத்தான்? ஆள் இருந்தா ஆளும் அணைஞ்சுடுவாங்க. எவ்வளவு அன்பாகச் சொன்னார்.

ஏதாவது செய்ய வேண்டும் என்று தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை. வாயாடி டீயை எடுக்கக் கையை நீட்டினாள், வேறு எதுவும் தோன்றாததால். அந்தக் கையை அவள் அடக்கிப் பார்த்தாள். அடங்கவில்லை. காலையிலிருந்து வார்த்தைகளால் மூடி வைத்திருந்த பயம் முழுக்க விரல்களுக்கு இறங்கியிருந்தது. கப் தட்டில் தடதடவென்று ஆடி, சாய்ந்து, கொதிக்கக் கொதிக்க அவர் மார்பில் கொட்டியது.

"ஆ!"

அவர் சட்டையோடு ஒட்டிய ஒயர்களையும் கயிற்றையும் கொத்தாகத் தலைவழியே உருவி மேஜையில் போட்டுவிட்டுச் சட்டையை உதறினார்.

"ஐயையோ அண்ணா! நான் ஒரு தத்தி! எங்க வீட்ல எனக்கு டம்ளர்ல பாதிதான் ஊத்துவாங்க! தண்ணி கொண்டு வாங்க, யாராவது பஞ்சு கொண்டு வாங்க, பஞ்சு எதுக்கு, துணி, துணி!" நடிப்பே தேவைப்படவில்லை. கண்ணில் நிஜமாகவே நீர் வழிந்தது. காகிதத்தை எடுத்து அவர் நெஞ்சைத் துடைக்கப் போய் இன்னொரு கப்பையும் தட்டிவிட்டாள்.

அவர் நிதானத்துக்கு வந்து மேஜையில் கை வைத்தபோது ஒயர்கள் இருந்தன. கயிறு இருந்தது. கயிற்றின் நுனியில் வெறும் கொக்கி மட்டும் இருந்தது.

அண்ணியின் நாற்காலி காலி.

ஒயரண்ணனின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. கோபம் வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. அவர் வாயாடியை ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி நடைவழிப் பக்கம் ஓடினார்.

'மறி' என்றது மனசு. கால் மறுத்தது. இரண்டு மூச்சு நேரம் அவள் நின்ற இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றாள். பிற்பாடு பல இரவுகள் அந்த இரண்டு மூச்சையும் அவள் எண்ணிப் பார்க்கப்போகிறாள். மூன்றாவது மூச்சில் ஓடினாள்.

நடைவழியில் அவள் கண்ட காட்சி இதுதான். இரும்புக் கதவு பாதி திறந்து இரைச்சல் வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி உள்ளே போய்விட்டிருந்தாள். சிவப்புப் பொத்தானிலிருந்து ஒரு கை தூரத்தில் ஒயரண்ணன். அவருடைய இடது கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு மாமியார்.

"தம்பி, தம்பி, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போப்பா. என் மருமகளைப் பார்த்தியா? நீ பார்த்திருப்பே. உன் கதவுக்கு எதிர்லதானே அவ தினமும் நடப்பா?"

அவள் பெஞ்சிலிருந்து அங்கே வரைக்கும் இழுபட்டிருந்தாள். ஒரு செருப்பு வழியில் கிடந்தது. அவர் உதறினார். அவள் கூடவே ஆடினாள். பெஞ்சில் உட்கார்ந்தபடி எல்லோரையும் பிடித்த அதே பிடி. தான் பிடித்திருப்பது யாரை என்று அவளுக்குத் தெரியாது. அவர் வலது கையால் மூடியைத் தூக்கினார். அமுக்க இடது கை வேண்டும். மூடியை விட்டார், அது விழுந்து மூடிக்கொண்டது. மறுபடி தூக்கினார், முழங்கையால் அமுக்கப் பார்த்தார். எட்டவில்லை. அவிழ்க்க மறந்த டம்ளர் மாதிரி அந்தக் கிழவி அந்தக் கையோடு போய் வந்துகொண்டிருந்தாள்.

வாயாடி அவருடைய வலது கையில் பாய்ந்து தொங்கினாள். "பிடிங்க!" என்று கத்தினாள். எத்தனை தடவை கத்தினாள் என்று தெரியாது. சோடாபுட்டி வந்தாள், முதலாளி தொப்பையோடு ஓடி வந்தார், பின்னால் பத்துப் பேர் வந்தார்கள். அவரைச் சுவரோடு சேர்த்து அமுக்கியபோது முதலாளி, "யோவ், நீயா? நீயாய்யா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். "இருக்கற இடத்தைக் கார்ட்டூன்லயே எழுதி அனுப்பியிருக்கா" என்று சோடாபுட்டி எல்லோரிடமும் சொன்னாள். வெளிவராத படங்களை ஒயரண்ணன் உள்ளிருந்து நகலெடுத்து விற்பதை அந்தப் பெண் செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டாள் என்பதும், கடைசி ஷாட் போய் யாரும் அவளைத் தேடாத நிலை வந்தபின் ஒரு 'தீ விபத்து', அன்றிரவே விமானம் என்று அவர் திட்டம் போட்டிருந்தார் என்பதும் போலீஸ் வந்த பிறகு தெரிந்த சங்கதிகள்.

இரும்புக் கதவு முழுசாகத் திறந்தது. அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி வெளியே வந்தாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள். கழுத்துவரை பித்தான் போட்ட சாம்பல் நிற ஸ்வெட்டர். உதடு நீலம் பாரித்திருந்தது. மணிக்கட்டில் கயிற்றின் தடம். நடைவழியில் இருந்த கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில், ஒற்றைச் செருப்போடு ஒரு ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் கண் நிலைத்தது.

"அத்தை." குரல் தேய்ந்திருந்தது. "பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

மாமியார் அவள் ஸ்வெட்டரையும் மணிக்கட்டையும் பார்த்தாள்.

"போட்டிருக்க மாட்டீங்க. நான் எடுத்துக் குடுத்தாதானே போடுவீங்க. அந்தக் கையை விடுங்க அத்தை. அவங்க பிடிச்சிருக்காங்க. இப்ப விடலாம்."

விரல்கள் உடனே பிரியவில்லை. வாயாடிதான் ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டாள்.

"இருக்கற இடத்தை ஏதோ கார்ட்டூன்ல எழுதி அனுப்பினியாமே" என்றாள் மாமியார் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எனக்குப் புரியற மாதிரி எழுத மாட்டியா? வீட்ல படிச்சவங்க யாரும் இல்லையா?"

"உங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா அவனுக்கும் புரிஞ்சிருக்கும் அத்தை."

"ஆமாம். எப்பவும் எனக்குத்தான் ஒண்ணும் புரியாது. செவ்வாய்க்கிழமை காலைலயும் இதையேதான் சொன்னே."

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? நீங்கதான்..."

அண்ணி வாயாடியின் பக்கம் வந்து நின்றாள். ஏதாவது ஜோக் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வாயாடி அண்ணியின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சண்டை முடியும்வரை விடாமல் நின்றாள்.